எட்டு றாத்தல் சம்மட்டி

அந்த மனுசனை நான் முதன்முதல் பார்த்தபோது அவர் ஒரு கிராங்கை அடித்துக் கொன்றுகொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. புங்குடுதீவில், ஆட்களெல்லாம் கனடாவுக்கும் சுவிசுக்கும் போய்ப் பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டின் முற்றம்தான் அவருடைய கராஜ். வேப்பமரத்தடியில் ஒரு சீமெந்துக் கட்டை. அதன்மேல் கிராங்கை வைத்து, கழுத்தில் கிரைண்டரால் ஒரு கீறல் போட்டு, எட்டு றாத்தல் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினார். அதன் சொந்தக்காரர், அனலைதீவு மனுசன், பக்கத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"காணும் பாஸ். நான் கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குக் குடுக்கிறன்."

"குடுக்கமாட்டாய். நாளைக்கு ஒருத்தன் வெல்டிங் பிடிச்சுத் தாறன் எண்டுவான். நீ பூட்டுவாய். பிறகு நடுக்கடலில நிண்டு மாதாவைக் கூப்பிடுவாய்."

அடுத்த அடியில் ஒரு துண்டு எகிறி என் காலடியில் விழுந்தது. "தள்ளி நில்லும்" என்றார் என்னிடம். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

கிராங் என்பது எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் படுத்தபடி சுழலும் தண்டு. மேலே பிஸ்டன்களில் நடக்கும் ஒவ்வொரு வெடியும் கடைசியில் அதன் முதுகில்தான் வந்து இறங்கும். நான் இதைப் படித்து அறியவில்லை. எங்கள் படகு எஞ்சினோடு அந்த முற்றத்தில் மாதக்கணக்காக அலைந்தபோது காதில் விழுந்தது.

நான் நெடுந்தீவுக்காரி. என் மனுசன் கட்டாருக்குப் போனபிறகு, புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஆட்கள் ஏற்றும் எங்கள் படகை நான்தான் நடத்தினேன். ஓட்டியது என் தம்பி. பழைய லொறி எஞ்சின் பூட்டிய மரப்படகு. அந்த வருடம் புதிய பைபர் படகு ஒன்று வந்து சனத்தை அள்ளத் தொடங்கியது. "உங்கட போட்டில ஏறினால் செத்தவீட்டுக்குப் போறவன் திவசத்துக்குத்தான் போய்ச் சேருவான்" என்று எங்கள் முகத்துக்கு நேரே பகிடி விட்டார்கள். தம்பிக்கு அது பொறுக்கவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றி வலுவைக் கூட்டுகிற டர்போ ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான். படகில் சனம் ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அதனால்தான் நான் அந்தச் சம்மட்டிக்காரரிடம் போனேன்.

அவரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அடிப்பார். கழலாத நட்டை அடிப்பார். பொய் சொன்ன வாயில் அடிப்பார். தேத்தண்ணியில் சீனி கூடினால் கோப்பை சுவரில் சிதறும். நட்டுச் சாவியை மாற்றி எடுத்துக் கொடுத்தவனுக்கு அதே சாவி திரும்பிப் பறந்து வரும். முற்றத்தில் ஒரு சொறிநாய் கிடந்தது. அதற்கு மட்டும் அடி விழுந்து நான் பார்க்கவில்லை. பேசிப் பார்க்கிற பழக்கம் அந்த மனுசனிடம் இல்லவே இல்லை.

அவருடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஒருநாள் நான் நேரே கேட்டேன்.

"மனுசியை அடிச்சனீங்களோ அண்ணை?"

"அடிச்சனான்."

"ஏன்?"

"அதுக்கு என்ன ஏன். அடிச்சனான். பிழை."

அவ்வளவுதான். கீழே குனிந்து வேலையைப் பார்த்தார். சாட்டுச் சொல்லாததற்காக அவரை மதிப்பதா, அடித்ததற்காக வெறுப்பதா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

முதல்நாளே என் தம்பிக்கும் ஒன்று விழுந்தது. அவன் டர்போவைக் காட்டி, "வேற ஒண்டும் வேண்டாம் பாஸ், இதை மட்டும் மேல பூட்டித் தாங்கோ" என்றான்.

"கீழ?"

"கீழ அப்பிடியே இருக்கட்டும். நல்லாத்தானே ஓடுது."

பளார் என்று கன்னத்தில் ஒரு அறை. தம்பி டயர்க் குவியலில் போய் விழுந்தான். எனக்குக் கண் இருண்டது. கூடப்பிறந்தவனை என் கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் அடிப்பதா? பக்கத்தில் கிடந்த சவுக்கந்தடியை எடுத்து அந்த மனுசனின் முதுகில் என் பலமெல்லாம் சேர்த்துப் போட்டேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். அன்றோடு சரி என்று நினைத்தேன். ஆனால் சிரித்தார். அந்தப் பற்களை நான் கண்டது அன்றுதான்.

"நல்ல அடி. எங்க வாங்கினது நான்? முதுகில. முதுகு தாங்கிச்சு. உம்மட எஞ்சினுக்கு இந்த முதுகு இல்லை, தங்கச்சி. மேல இவன் காத்தை அடிச்சு ஏத்துவான். வெடி ஒண்டுக்கு ரெண்டா விழும். கீழ கிடக்கிற சாமான் அப்பிடியே ரெண்டாப் பிளக்கும். ரொட் முறிஞ்சு எஞ்சின் பிளொக்கைக் குத்தும், பிறகு உம்மட போட்டின்ர பலகையைக் குத்தும். சோளகக் காத்தடிக்கிற கடலில. சனத்தோட."

பிறகு தம்பியைப் பார்த்து, "மேல எவனும் ஏத்துவான்ரா. கீழ தாங்கோணும்" என்றார்.

தம்பி அதன்பிறகு அவர் இருக்கும்போது அந்த முற்றத்தை மிதிக்கவில்லை. போக்குவரத்தெல்லாம் என் தலையில் விழுந்தது.

அவர் வேலை செய்யும்போது பார்த்திருக்க வேண்டும். எங்கள் எஞ்சினைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு சாமானாகக் கழற்றி விசாரணை வைத்தார். கிராங்கைப் பிடித்து நிறுத்தும் மூடிகள் மெல்லியவை என்று தள்ளிவிட்டு, தடித்த உருக்கில் தானே கடைந்து செய்தார். பழைய போல்ட்டுகளை ஒருதரம் இறுக்கிக் கழற்றிப் புதியதோடு வைத்துக் காட்டினார். அவை நீண்டிருந்தன. இரும்பு இழுபடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். "இது பயந்த போல்ட்" என்று சொல்லி வேலிக்கு வெளியே எறிந்தார். பெயரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய் ஓடும் இடைவெளி சரியா என்று பார்த்துப் பார்த்து, நாலு தடவை பூட்டிக் கழற்றினார். அடிக்கிற அதே கை அந்த நேரம் குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல நடந்துகொள்ளும். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். இப்படித் தொடத் தெரிந்தவனுக்கு மனுசரை மட்டும் ஏன் தொடத் தெரியவில்லை?

கிராங்கைச் சோதிக்க அவரிடம் இரண்டு வழி இருந்தது. முதலில் அதை வேப்பங்கிளையில் கயிற்றால் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். நல்ல கிராங் மணிபோல நீண்டு ஒலிக்கும். வெடிப்புள்ளது 'டொக்' என்று அடங்கிவிடும். டொக் கேட்டால் அடுத்தது சம்மட்டிதான். வீதியால் போகிறவர்கள்கூட, "இண்டைக்கும் ஒருத்தனுக்குச் சங்கு ஊதியாச்சு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது வழி திருநீறு. கிராங்கை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, துடைத்து, மேலெல்லாம் திருநீற்றைத் தூவிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். அவர் வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கும். பால்மா டின்னில் திருநீறு வைத்திருந்ததைக் கண்டு எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

"வேதக்காரருக்கு எங்கட திருநீறு என்னத்துக்கு? இரும்பில பூசி விளையாடவோ?"

"மாதா எனக்குப் பாவத்தைக் காட்டுவா. வெடிப்பைக் காட்டமாட்டா. அதுக்கு உங்கட சாமான்தான் திறம். நீங்களும் எஞ்சினுக்குப் பூசுறனீங்கள்தானே?"

அது உண்மைதான். எங்கள் ஆட்கள் புது எஞ்சினைப் படகில் இறக்குமுன் திருநீறு பூசிப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். பூசாமல் ஒரு நட்டும் முறுக்கமாட்டார்கள்.

எங்கள் கிராங்கும் வேப்பங்கிளையில் தொங்கியது. எனக்கு அது நல்ல மணியாகத்தான் கேட்டது. அவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "முடிவில மூச்சு வாங்குது" என்றார். "எதுக்கும் ஊறப்போட்டுத் திருநீறு போட்டுப் பாப்பம்."

அதற்குத் திருநீறு தூவிய காலையில்தான் எல்லாம் கெட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் கொண்டுவந்து விற்கும் ஒருத்தன் வந்து, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ரொட்டுகளைப் பெட்டியோடு இறக்கினான். வலு கூட்டின எஞ்சினுக்கென்று தடித்ததாகச் சொல்லி எடுப்பித்த ரொட்டுகள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். ஒன்றில் நின்றார். நகத்தால் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே வெல்டிங் பிடித்த தழும்பு.

"இது புதுசோ?"

"பெட்டியோடதானே பாஸ் கிடக்கு."

"புதுசோ எண்டு கேட்டனான்."

"ஓம் பாஸ், புதுசு."

கையிலிருந்த ரொட்டாலேயே வாயில் அடித்தார். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். அவன் மண்ணில் விழுந்து இரத்தத்தோடு பல்லைத் துப்பினான். கத்தவும் ஏலவில்லை, வாய் மூட மறுத்தது. அவர் இன்னொரு தடவை ஓங்கினார். அது தலையில் இறங்கியிருந்தால் கொலை. நான் ஓடிப்போய் அந்தக் கையில் தொங்கினேன்.

"விடும் தங்கச்சி."

"விடமாட்டன். அடிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து அடியுங்கோ."

அவருடைய மூச்சு மாடு சீறுவதுபோல இருந்தது. கடைசியில் ரொட்டைக் கீழே போட்டார். அந்த நிமிடம் நான் அவரை மனதார வெறுத்தேன்.

பொலிஸ் வந்து விலங்கு மாட்டியது. ஜீப்பில் ஏறும்போது கழுத்தைத் திருப்பி வேப்பமரத்தடியை ஒருதரம் பார்த்தார். அங்கே காலையில் திருநீறு தூவி வைத்த எங்கள் கிராங் கிடந்தது. அந்தக் கலவரத்தில் நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவரை மறியல் சிறையில் போட்டார்கள். நான் நெடுந்தீவுக்குப் போய்விட்டேன். நயினாதீவுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சனம் அலையலையாய் வரும் காலம். அதைத் தவறவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான். தம்பி வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பூட்டுவதாகச் சொன்னான்.

"கிராங் என்ன மாதிரி?" என்று போனில் கேட்டேன்.

"அது பாஸ் பாத்து முடிச்சு வச்சிருக்கிறார் அக்கா."

ரொட்டுகளும் நல்லதாக வேறு இடத்தில் எடுத்திருந்தான். டர்போவோடு படகு ஓடத் தொடங்கியது. ஓடியது என்றா சொல்வது, பறந்தது. பைபர் படகைப் பின்னால் விட்டபோது என் தம்பி எழுந்து நின்று சாரத்தை மடித்துக் கட்டினான். சனம் கைதட்டியது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

திருவிழாவில் ஒருநாள் பிற்பகல். சோளகம் மூசிக்கொண்டிருந்தது. நெடுந்தீவுக்குத் திரும்புகிற சனத்தால் படகு நிறைந்திருந்தது. பெண்கள், கைக்குழந்தைகள், அர்ச்சனைத் தட்டுகள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நான் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் வந்தார். வெறுங்கால். தாடி. நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சேட்டு. தோளில் சம்மட்டி. பிணையில் விட்டதும் நேரே கராஜுக்குப் போய், வேப்பமரத்தடி வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு ஓடி வந்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அந்த நேரம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவரைக் கண்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"விட்டிட்டாங்களோ அண்ணை?"

"சனத்தை இறக்கும்."

"ஏன்?"

"இறக்கும் எண்டுறன்."

நான் திகைத்து நிற்க, அவர் படகுக்குள் குதித்துவிட்டார். எஞ்சின் பெட்டி மூடியைத் தூக்கி எறிந்தார். சம்மட்டி ஏறி இறங்கியது. முதலடியில் டர்போ நொறுங்கியது. அடுத்ததில் டீசல் பைப்புகள் பிய்ந்து, டீசல் சனத்தின் முகத்தில் பீய்ச்சியது. பெண்கள் குழந்தைகளைத் துறைமேல் எறியாத குறையாக ஏற்றினார்கள். அர்ச்சனைத் தட்டுகள் கடலில் மிதந்தன. எஞ்சின் ஒருதரம் அலறி நின்றது. அதன்பிறகும் அவர் அடித்தார். தம்பி பின்னால் பாய்ந்து பிடித்தான். உதறிய வேகத்தில் சம்மட்டிப் பிடி அவன் முன்கையில் விழுந்தது. கை முழங்கைக்குக் கீழே மடிந்து தொங்கியது.

பேசியிருக்கலாம். வெடிச்ச கிராங் உள்ளுக்கை கிடக்குது தங்கச்சி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு சனம் அவரை அடித்தது. துறையில் நின்றவர்கள், படகில் வந்தவர்கள், பைபர் படகுக்காரர், சுவாமி கும்பிட்டு நெற்றி காயாதவர்கள், எல்லாரும். கையால், செருப்பால், தள்ளுகம்பால். ஒருத்தன் இரும்புக் குழாயால் தலையின் பக்கமாக அடித்தான், வலம் ஒன்று, இடம் ஒன்று. அவர் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாதவரா? குப்புற விழுந்து முதுகைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். "கிராங்... கிராங்..." என்று மட்டும் கேட்டது. யாருக்கும் அது விளங்கவில்லை. காவலில் நின்ற சீருடைக்காரர் வந்து விலக்கியபோது அவருடைய இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கட்டுப் போட்டார்கள். அவன் வலியில் திட்டிக்கொண்டிருந்தான்.

"விசரன் அக்கா அவன். நான் என்ன பிழை விட்டனான்? அவன்ர கராஜில கிடந்ததைத்தானே எடுத்தனான். பூசையும் முடிச்சுத் திருநீறும் பூசியெல்லோ வச்சிருந்தவன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"திருநீறோ? கிராங்கிலயோ?"

"ஓம். மேலெல்லாம் பூசிக் கிடந்தது. துடைச்சுப்போட்டுத்தான் பூட்டினனாங்கள். ஏன்?"

சோதனை முடியாமல் திருநீறு கிடக்கும் கிராங்கை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று அந்த மனுசன் நம்பிப் போயிருக்கிறார். திருநீறு கிடந்ததால் என் தம்பி அதை நம்பி எடுத்திருக்கிறான்.

அடுத்தநாளே எஞ்சினை இறக்கிக் கிராங்கைக் கழற்றுவித்து, அதே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தேன். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துடைத்து, எங்கள் வீட்டுச் சாமித்தட்டுத் திருநீற்றைத் தூவினேன். தம்பி கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சுற்றி மயிரளவாக ஒரு ஈரக்கோடு ஊர்ந்து வந்தது.

"அவன் அடிச்ச அடியில வெடிச்சிருக்கும்" என்றான் தம்பி. ஆனால் குரலில் பலமில்லை.

சம்மட்டியை எடுத்தேன். என்னால் அதை நேராகத் தூக்கக்கூட ஏலாது. தலைக்குமேல் போனது தானாக விழுந்தது என்றுதான் சொல்லவேண்டும். கிராங் இரண்டாகப் போய்விட்டது. உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே முக்கால்வாசியும் பழைய எண்ணெய் ஊறிக் கன்றிய கறுப்பு. புதிதாய் முறிந்து வெள்ளையாய் மின்னியது என் விரல் அகலம்தான். அந்த ஒரு விரல் இரும்பில்தான் அத்தனை சனத்தையும் ஏற்றிக்கொண்டு கடலில் பந்தயம் ஓடியிருக்கிறோம். தம்பி வேலியோரம் போய்க் குந்திக்கொண்டான்.

அவர் இப்போது மன்னாரில் சகோதரி வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சம்மட்டி என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். ஒரு கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். வாசலில் பொலிஸ்காரர். முகம் முகமாக இல்லை. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டப்போய்க் கிராங் துண்டை மடியில் வைத்தபோதுதான் கண்டார்.

அந்த வெள்ளை விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

"ஆர் உடைச்சது?" வார்டே அதிரும் குரலில் கேட்டார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

"கிரைண்டர் வச்சுக் கீறினனீரோ?"

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டைத் தூக்கிக் கட்டில் கம்பியில் தட்டினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காதைக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொருதரம் தட்டினார். பிறகு விலங்கு குலுங்க ஓங்கி அடித்தார். படுத்திருந்தவர்களெல்லாம் திடுக்கிட்டு எழும்பினார்கள், பார்க்க வந்த யாருடையதோ குழந்தை வீரிட்டு அழுதது, பொலிஸ்காரர் ஓடிவந்தார். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சத்தம் வருதோ, தங்கச்சி?"